பின்வரிசையில் மூன்று கதிரைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். ஆண்களும் வாசியுங்கள். சிசேரியனோ, அப்பென்டிக்ஸோ, கர்ப்பப்பை ஒபரேஷனோ, ஹேர்னியாவோ, வயிற்றில் தையல் போடப்பட்ட ஒருவராவது இல்லாத குடும்பம் நம் ஊரில் இன்று குறைவு.

எங்கள் பாடசாலையில் ஆசிரியைகள் லுஹர் தொழுவதற்கு ஒரு சிறிய அறை இருக்கிறது. அதன் பின்வரிசையில் மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். போன வருடம் இரண்டாம் தவணையில் அந்த மூன்றிலும் நாங்கள் மூன்று பேர் இருந்து தொழுதோம். ஒருவர் ஓய்வு பெறச் சில வருடங்களே இருக்கும் மூத்த மிஸ். மற்ற இருவரும் முப்பதுகளில் இருப்பவர்கள். எங்கள் எவருக்கும் முழங்கால் வருத்தம் இல்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தொழுதும், ஏன் கதிரையில் இருக்கிறீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. வெட்கம்தான் காரணம்.

ஒரு நாள் தரம் 3 பிள்ளை ஒன்று அலுமாரித் திறப்பு கேட்டு வந்து கதவடியில் நின்றது. நாங்கள் ஸலாம் கொடுத்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மிஸ், நீங்க மூணு பேரும் வயசாளிகளா?" என்று கேட்டது. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் மூன்று பேரின் கையும் ஒரே நேரத்தில் வயிற்றைப் பிடித்தது. அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது.

இதை எழுத மற்ற இருவரிடமும் அனுமதி கேட்டாயிற்று. எழுதியதை வாசித்தும் காட்டியாயிற்று. எது யாருடைய கதை என்று தேட வேண்டாம். மூன்றையும் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

எங்களில் மூத்தவருக்குக் கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்து, கர்ப்பப்பையையே எடுத்து எட்டு மாதம். இரண்டாமவருக்கு அப்பென்டிக்ஸ் உள்ளேயே வெடித்து, சீழ் பரவி, தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை நீளவாக்கில் வெட்டித் துப்புரவு செய்து ஒரு வருடம். இளையவருக்கு இரண்டாவது சிசேரியன் முடிந்து ஐந்து மாதம். 84 வேலை நாள் பிரசவ லீவு முடிந்து பாடசாலைக்கு வந்து சில வாரம்தான்.

மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லப்பட்டது ஒன்றுதான். தண்ணி படாமல் வையுங்கள், இத்தனையாம் திகதி தையல் வெட்ட வாருங்கள். தையல் வெட்டியதும் "காயம் நல்லாக் காஞ்சிட்டு" என்றார்கள். அத்தோடு கதை முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வார்ட்டில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை மிஸ்ஸிமார் என்று கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் சொல்லாமல் விடப்பட்டது பெரிய விடயம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊர் வழக்கம் எங்களைப் பொறுப்பெடுத்தது. இளையவரின் உம்மா நாற்பது நாளும் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. "எழும்பாத மகள், தையல் பிரிஞ்சிரும்." சரக்குக் கறியும் பால்சுறாவும் கட்டிலுக்கே வந்தன. பழைய சாரியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினார்கள். பிள்ளையைத் தூக்கித் தருவதற்குக்கூட ஆள் இருந்தது. அந்த அன்புக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் நாற்பது கழிந்து, குளித்து, முதல் சுபஹுக்குத் தக்பீர் கட்டியபோதுதான் தெரிந்தது, உடம்பு நிமிரவில்லை. ருகூஃ பாதியில் நின்றது. சுஜூதுக்குப் போனால் நெற்றி தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. கீழ் வயிற்றில் யாரோ உள்ளிருந்து ஊசிநூலால் இழுத்துப் பிடித்திருப்பதுபோல ஒரு இழுவை. அழுதுவிட்டோம். வலியைவிடப் பயத்தால்தான் அழுதோம். இனி இப்படித்தானோ என்ற பயம்.

இரண்டாமவரின் கஷ்டம் வேறு விதம். அவர் கரும்பலகையின் மேல்வரியில் எழுதுவதை நிறுத்திவிட்டார். கையை உயர்த்தினால் தொப்புளடியில் இழுக்கும். திகதியைக்கூடப் பலகையின் நடுவில்தான் எழுதுவார். பிள்ளைகளும் அப்படியே கொப்பியின் நடுவில் திகதி எழுதப் பழகிவிட்டார்கள். பஸ்ஸில் பள்ளம் வரும் இடமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வருமுன் ஹேண்ட்பேக்கை வயிற்றோடு அணைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் எல்லோரும் சஹனைச் சுற்றி இருக்கும்போது, "கேஸ்ட்ரிக், சாப்பிட ஏலாது" என்று பொய் சொல்லி எழும்பி வருவார். அவரால் கீழே இருந்து முன்னுக்குக் குனிய முடியாது என்பதை எவரும் அறியவில்லை.

மூத்தவருக்கு இழுவை குறைவு. கடியும் மரப்பும்தான் கூட. தழும்பு தடித்து, சிவந்து, உள்பாவாடை நாடா படும் இடத்திலெல்லாம் அரித்தது. அதற்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு உணர்ச்சியே இல்லை. ஒரு நாள் இடுப்புக் குத்துக்கு சுடுதண்ணிப் பையை வைத்துக்கொண்டு படுத்தார். அது வழுகி மரத்துப்போன இடத்தில் இருந்திருக்கிறது. தெரியவில்லை. காலையில் பார்த்தால் தோல் கொப்புளித்துப் போயிருந்தது. தயவுசெய்து இதைக் கவனத்தில் எடுங்கள். ஒபரேஷன் செய்த இடம் மரத்திருந்தால் அங்கே சூடு வைக்காதீர்கள். வெட்டும்போது தோலிலுள்ள சிறு நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. அவை மீள மாதக்கணக்கில் எடுக்கும். சிலருக்குக் கொஞ்ச இடம் மரத்தபடியே இருந்துவிடும்.

எங்கள் மூவருக்கும் பொதுவான ஒன்று இருந்தது. நாங்கள் எவருமே எங்கள் தழும்பைத் தொட்டதில்லை. குளிக்கும்போது தண்ணீர் ஊற்றுவோம், பார்க்கமாட்டோம். தொட்டால் திறந்துவிடும் என்ற ஒரு பயம். சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்தப் பயம் இருந்தது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகுதான் இளையவரின் மச்சி ஒருவர் சொல்லி, கிளினிக்கில் டொக்டரிடம் கடிதம் கேட்டு வாங்கி, ஃபிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். முதலில் ஒருவர் போனார். பிறகு அவரவர் டொக்டரிடம் கேட்டு மற்ற இருவரும் போனோம். அங்கிருந்த மிஸ் ஒரு பழைய துணியை மடித்து மேசையில் வைத்துத்தான் பாடம் எடுத்தார். நல்ல ஆசிரியை என்று அன்றே சொல்லிக்கொண்டோம்.

அவர் விளக்கியதை எங்கள் பாஷையில் சொல்கிறோம். வயிறு ஒரே தோல் அல்ல. தோல், கொழுப்பு, அதன் கீழ் வெள்ளை நிறத்தில் பலமான ஒரு உறை, தசை, அதற்கும் கீழ் குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு என்று அடுக்கடுக்காக இருக்கிறது. நாம் குனிந்து நிமிரும்போது இந்த அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுகி ஓடுகின்றன. சிசேரியனில் பெரும்பாலும் தசையை வெட்டுவதில்லை, இரு பக்கமும் விலக்கித்தான் உள்ளே போகிறார்கள். மற்ற அடுக்குகள் வெட்டுப்படும். உடம்பு அந்த வெட்டை ஒட்டும்போது கொலாஜன் என்ற நாரை அள்ளிப் போடுகிறது. நெய்த துணிபோல ஒழுங்காக அல்ல, அவசரத்தில் தாறுமாறாக. அதுதான் தழும்பு. அது ஒரு அடுக்கை அடுத்த அடுக்கோடு சேர்த்து ஒட்டிவிட்டால், வழுகி ஓட வேண்டியவை ஓடாது. அங்கேதான் இழுவை வருகிறது. இழுக்கிறதே என்று நாம் கூனி நடக்கிறோம். கூனி நடந்தால் முதுகு வலிக்கிறது. முதுகு வலிக்கு மாத்திரை குடிக்கிறோம். இளையவர் ஒரு மாதம் முதுகுக்குத்தான் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்!

இன்னொன்றும் சொன்னார். வெளியே காயம் காய்ந்தது என்பது வேலை முடிந்ததல்ல. மூன்று வாரத்தில் அந்தத் தோலுக்குப் பழைய பலத்தில் கால்வாசி அளவில்தான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 80 வீதத்தை நெருங்கும். அதற்கு மேல் பெரிதாகப் போவதும் இல்லை. உள்ளே அந்த நாரை உடம்பு ஒரு வருடத்துக்கும் மேலாகக் கலைத்துக் கலைத்துத் திருத்தி அடுக்கிக்கொண்டே இருக்கும். அளவான அசைவு கிடைத்தால் அசைவுக்கு ஏற்றபடி அடுக்கும். அசையாமல் கிடந்தால் கிடந்தபடி ஒட்டும். "அதனால இன்னும் பிந்தல்ல மிஸ்" என்று அவர் சொன்னபோது, ஒரு வருடம் கடந்தவர்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

படுத்தே கிடப்பது நல்லது என்பது முன்பு உலகம் முழுக்க இருந்த எண்ணம்தான், நம் உம்மாமார் மட்டும் கண்டுபிடித்ததல்ல. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஒபரேஷன் செய்தவரைக் கூடிய சீக்கிரம் சாப்பிட வைத்து, எழுப்பி, நடக்க வைக்கும் முறையை ஒழுங்குபடுத்திக் காட்டினார். இன்று பல நாடுகளில் அதுதான் வழக்கம். கிடந்தபடி கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம், குடல் வேலை செய்யப் பிந்தலாம். டொக்டர் எழும்பச் சொன்னால் எழும்புவதுதான் சரி.

அதற்காக உடனே தேங்காய் துருவவும் வாளி தூக்கவும் போகச் சொல்லவில்லை. முதல் ஆறு வாரம் பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்க வேண்டாம் என்பது சிசேரியன் தாய்மாருக்குச் சொல்லும் கணக்கு. அரிசிப் பை, கேஸ் சிலிண்டர், தண்ணீர் நிறைந்த வாளி எல்லாம் அதில் அடங்கும். வயிற்றுக்குள் எந்த ஒபரேஷன் என்பதைப் பொறுத்து இந்தக் காலம் கூடும் குறையும். உங்கள் டொக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்.

எங்களுக்குக் கற்றுத்தந்தவற்றில் இன்று ஒபரேஷன் முடிந்து வீட்டில் கிடக்கும் ஒருவருக்கு உதவக்கூடியவை சில.

கட்டிலிலிருந்து நேரே நிமிர்ந்து எழும்பாதீர்கள். முழங்காலை மடியுங்கள். மரக்குற்றியைப் புரட்டுவதுபோல உடம்பு முழுவதையும் ஒன்றாகப் பக்கவாட்டில் புரட்டுங்கள். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையால் ஊன்றி எழும்புங்கள். இந்த ஒன்றை முதல் நாள் சொல்லித் தந்திருந்தால் நாங்கள் எத்தனை இரவு அழாமல் இருந்திருப்போம்!

இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடியுங்கள். இருமலை அடக்காதீர்கள்.

மலச்சிக்கல் வரவிடாதீர்கள். தண்ணீர், கீரை, பழம். முக்கினால் தையலுக்குத்தான் பாரம்.

வயிற்றுக்குக் கட்டும் துணியோ பெல்ட்டோ இதமாக இருந்தால் கட்டலாம். மூச்சு முட்ட இறுக்கக்கூடாது. அது தசையின் வேலையைத் தான் செய்துவிடாது.

வீட்டுக்குள்ளே நடந்தாலும் நடைதான். குசினியிலிருந்து கேற் வரை. இன்று ஐந்து தரம், நாளை ஆறு தரம்.

தழும்பைத் தடவும் பயிற்சி பொதுவாக ஆறு வாரத்துக்குப் பிறகு, காயம் முழுதாக மூடி, பொருக்கோ நீரோ இல்லாமல், டொக்டர் சரி என்ற பிறகுதான். முதல் நாள் நாங்கள் துணிக்கு மேலால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தோம், அவ்வளவுதான். இரண்டாமவருக்கு அதற்கே கை நடுங்கியது. அடுத்த நாள் பஞ்சுத் துணியால் தழும்பைச் சுற்றித் தடவினோம். பிறகு கையைக் கழுவி, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு, இரண்டு விரலால் அழுத்தி, சுற்றியும் மேலும் கீழும் இடமும் வலமும் தோலை நகர்த்தினோம். தோலின்மேல் விரல் வழுக்கக்கூடாது, விரலோடு தோல் நகர வேண்டும். பிறகு தழும்பைக் கிள்ளினாற்போல் மெல்லத் தூக்கி விடுவது. ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். இழுவை தெரியலாம், கடும் வலி வரக்கூடாது. சிவந்து சுட்டால், நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போக வேண்டும். மூத்தவரின் தடித்த தழும்புக்கு டொக்டர் சிலிக்கோன் ஜெல் எழுதிக் கொடுத்தார். தழும்பு வெட்டின எல்லையையும் தாண்டி வளர்ந்தால் அது கீலொயிட். அதற்கு வேறு வைத்தியம், கையால் தேய்த்துச் சரிவராது.

இனி தேகப்பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, வயிறு உயரும்படி மூச்சை இழுத்து, விடும்போது கீழ் வயிற்றை மெல்ல உள்ளே இழுப்பது. மடித்த முழங்கால்களை ஒன்றாகச் சேர்த்து இடமும் வலமும் சாய்ப்பது. சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சுவரில் ஏணிபோல மேலே ஏற்றுவது. படுத்த நிலையில் எழும்பி எழும்பி வயிறு குறைக்கும் பயிற்சியை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம் என்றார்.

பயிற்சிக் கலாசாலையில் நாங்கள் இரண்டு வருடம் பாடத்திட்டம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. "விளங்கிக்கொள்வார்" என்று கற்றற் பேறு எழுதினால் விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவார். அளக்கக்கூடியதை எழுது என்பார். ஆகவே "சுகமாவேன்" என்று எழுதவில்லை. ஒரு கொப்பியில் இப்படி எழுதினோம்: இந்த வார இறுதியில் கரும்பலகையின் மேலிருந்து மூன்றாம் வரியில் திகதி எழுதுவார். இந்த வார இறுதியில் பஸ்ஸில் பேக்கை மடியில் வைத்திருப்பார், அணைக்கமாட்டார். இந்த வார இறுதியில் இரண்டு தலையணை உயரத்துக்குக் குனிவார்.

அந்தத் தலையணைக் கணக்கைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழுகை நேரத்தில் முடிந்தபடி கதிரையில்தான் தொழுதோம். தொழாத நேரத்தில் வீட்டில் பயிற்சியாகச் செய்தது இது. முதலில் கட்டிலுக்கு முன் முழங்காலில் நின்று மெத்தையில் கைகளையும் நெற்றியையும் சாய்ப்பது. அது இலேசான பிறகு தரையில் மூன்று தலையணை அடுக்கி அதில். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து மூச்சு. கீழே இறங்கும்போது கதிரையைப் பிடித்து ஒரு முழங்காலை ஊன்றி இறங்குவது, அதே மாதிரி எழும்புவது. மூன்று தலையணையிலிருந்து இரண்டுக்கு வர இளையவருக்கு ஒன்பது நாள். இரண்டிலிருந்து ஒன்றுக்கு மூன்று வாரம். நடுவில் ஒரு வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல், மீண்டும் மூன்று தலையணை. கொப்பியில் அதையும் எழுதினோம்.

கதிரையில் தொழுவதை ஒரு குறையாக நினைத்து மனதுக்குள் குமைந்தவர்கள் நாங்கள். இம்ரான் பின் ஹுஸைன் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு மூலநோய் இருந்தது. எப்படித் தொழுவது என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடமே கேட்டார்கள். நின்று, முடியாவிட்டால் இருந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழும்படி வழிகாட்டப்பட்டது. ஸஹீஹுல் புஹாரியில் இது இருக்கிறது. சின்ன வயதிலிருந்து இந்தச் சலுகையைப் படித்திருக்கிறோம், பிள்ளைகளுக்கும் படிப்பித்திருக்கிறோம். ஆனால் அந்த ஸஹாபி மூலநோயை வெட்கப்படாமல் வாய் திறந்து கேட்டார்கள் என்பது இந்த வருடம்தான் எங்கள் நெஞ்சில் பட்டது. அவர்கள் கேட்டதால்தான் நமக்குச் சட்டம் கிடைத்தது.

கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் கண்டோம்.

பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். தவணைப் பரீட்சை நேரம். ஒரு நாள் இரண்டாமவர் பாடசாலைக்கு வரவில்லை. ஃபோன் எடுத்தால், "கேஸ்ட்ரிக் மிஸ், இரவிலிருந்து வயிறு பிடிக்குது, விட்டு விட்டு வலி, சத்தி" என்றார். ஓமத் தண்ணி குடித்திருக்கிறார், இஞ்சி குடித்திருக்கிறார். மாமி வயிறு தடவும் ஒரு பொம்பளையைக் கூட்டிவர ஆள் அனுப்பியிருக்கிறார். விடைத்தாள் கட்டு வீட்டில் கிடக்கிறது, பின்னேரம் பார்ப்போம் என்றார்.

மூத்தவருக்குத்தான் ஃபிசியோ மிஸ் போகிற போக்கில் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. தழும்பு தோலில் மட்டும் வருவதில்லை. வயிற்றைத் திறந்தவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளேயும் நார் உண்டாகிக் குடலைக் குடலோடோ வயிற்றுச் சுவரோடோ ஒட்டும். அநேகமானவர்களுக்கு அதனால் ஒன்றும் நேராது, வாழ்நாள் முழுக்கத் தெரியாமலே போகும். சிலருக்கு மாதங்கள் கழித்தோ வருடங்கள் கழித்தோ அந்த நாரில் குடல் மடிந்து அடைபடும். அதற்கு நான்கு அடையாளம்: விட்டு விட்டு முறுக்கும் வலி, சத்தி, வயிறு ஊதல், காற்றும் மலமும் போகாமை.

மூத்தவர் ஃபோனில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "காத்துப் போகுதா?" அந்தப் பக்கம் சத்தமில்லை. வீட்டில் ஆட்கள் நிற்கிறார்கள், எப்படிச் சொல்வது என்ற வெட்கம். கடைசியில் மெல்ல, "நேத்திலிருந்து இல்ல" என்றார்.

பரீட்சை மேற்பார்வையை அதிபரிடம் சொல்லி மாற்றிவிட்டு ஓட்டோ பிடித்துப் போனோம். தடவும் பொம்பளை வாசலில் வந்து நின்றார். அவரிடம் ஸலாம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஆளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குடல் அடைப்புத்தான். மூக்கால் குழாய் விட்டார்கள். வாயால் எதுவும் இல்லை, சேலைன் மட்டும். திறக்க வேண்டி வருமா என்று கேட்டோம். குடலுக்கு இரத்தம் போகாமல் இருக்கும் அறிகுறி இல்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். அந்த இரண்டு இரவும் நாங்கள் மற்ற இருவரும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஃபோன் வந்தது. "போயிட்டு மிஸ்" என்று சொல்லிவிட்டு அழுதார். ஒரு மனிதருக்குக் காற்றுப் போனதற்காக நாங்கள் ஸஜ்தா ஷுக்ர் செய்வோம் என்று யார் நினைத்தது! அல்ஹம்துலில்லாஹ். இவ்வாறான அடைப்பில் பலது ஒபரேஷன் இல்லாமலே விடுபடும் என்று பிறகு அறிந்தோம். ஆனால் விடுபடுமா வெட்ட வேண்டுமா என்று தீர்மானிப்பது டொக்டர். ஓமத் தண்ணி அல்ல.

வீட்டுக்கு விடும்போது டொக்டரிடம் கேட்டோம், நாங்கள் தடவும் பயிற்சியால் உள்ளே இருக்கும் ஒட்டும் கரையுமா என்று. அவர் நேராகவே சொன்னார். கையால் தடவுவது தோலுக்கும் அதன் கீழுள்ள அடுக்குக்கும் உதவும், உள்ளே குடலில் இருப்பதை விரலால் கரைக்க முடியாது. நடப்பதும் தண்ணீர் குடிப்பதும் வயிறு முட்ட ஒரேயடியாகச் சாப்பிடாமல் இருப்பதும் நல்லது. இந்த அடையாளம் திரும்ப வந்தால் வீட்டில் நிற்காதே. இந்த மாதிரி வலியில் வயிற்றைப் போட்டு அமுக்குவது ஆபத்து என்பதையும் அழுத்திச் சொன்னார். இருமும்போது தழும்படியில் ஒரு பக்கம் உப்பி வந்தால் அதையும் காட்டச் சொன்னார், அது தழும்பு வழியே வரும் ஹேர்னியாவாக இருக்கலாம்.

அன்றைக்குப் பிறகு சுபஹ் தொழுதுவிட்டு மூன்று பேரும் சேர்ந்து நடக்கத் தொடங்கினோம். கடற்கரை வீதியால் போய், மீன் ஏலம் போடும் இடத்துக்கு முன்னால் திரும்பி வருவோம். கதை வந்தது. "ரீச்சர்மார் காலங்காத்தால தெருவுல" என்று ஒரு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். இளையவரின் கணவர் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு நானும் பிள்ளையத் தூக்கிட்டுப் பின்னால வாறன்" என்றார். வந்தார். கதை நின்றது. இப்போது ஏழு பேர் நடக்கிறோம். புதிதாகச் சேர்ந்தவர்களில் இருவருக்கு வயிற்றில் தழும்பு. ஒருவர் மூன்று பிள்ளைக்கும் சிசேரியன், பத்து வருடமாகத் தழும்பைத் தொடாதவர்.

இன்றைய நிலையையும் எழுதி முடிக்கிறோம். இளையவர் நோன்புக்கு முந்திய வாரம் ஒரு தலையணையும் இல்லாமல் நெற்றியைத் தரையில் வைத்தார். இரண்டாமவர் கரும்பலகையின் முதல் வரியில் திகதி எழுதுகிறார். பிள்ளைகள் இன்னும் கொப்பியின் நடுவில்தான் எழுதுகிறார்கள், அதைத் திருத்த ஒரு தவணை எடுக்கும் போலிருக்கிறது. போன மாதக் கல்யாணத்தில் சஹனில் இருந்து சாப்பிட்டார், எழும்ப ஒரு கை கொடுத்தோம். மூத்தவரின் தழும்பு இன்னும் அரிக்கிறது, ஆனால் தட்டையாகி வருகிறது. அவர் இன்னும் கதிரையில்தான். அவருக்கு அதில் வெட்கம் இல்லை.

இந்த வாரம் இடமாற்றத்தில் வந்த ஒரு புதிய மிஸ் பின்வரிசைக் கதிரையில் வந்து இருந்தார். கை வயிற்றில். மூத்தவர் தன் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, ஸலாம் கொடுத்த கையோடு கேட்டார்: "என்ன ஒபரேஷன் மகள்?"

உம்மாமாரே, மாமிமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். சரக்குக் கறி கொடுங்கள், பால்சுறா கொடுங்கள், பிள்ளையைப் பாருங்கள். கூடவே கையைப் பிடித்து வீட்டுக்குள் நாலடி நடக்கவும் வையுங்கள். கணவன்மாரே, வாளியை நீங்கள் தூக்குங்கள், கிளினிக்குக்கு நீங்கள் கூட்டிப் போங்கள், "காயம் காஞ்சிட்டுத்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். தழும்போடு இருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு, இன்றிரவு உங்கள் கையை அதன்மேல் ஒரு தரம் வையுங்கள். அது திறக்காது.

நோயில் இருக்கும் எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. எங்கள் மூத்த மிஸ்ஸுக்கும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.